மெக்சிகன் ரைஸும் எங்கம்மாவோட தக்காளி சாதமும்

இந்தப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, புடுங்கவே நேரம் பத்தல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், ஒரு சமையல் வீடியோ எழுத வெச்சிடுச்சு.

போன ஞாயித்துக்கிழமை எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல சித்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. 'பாரம்பரிய மெக்சிகன் ரைஸ், பத்தே நிமிஷத்தில்'. பாஸ்மதி அரிசியை முன்னாடியே வடிச்சு ஆற வெச்சிருக்காங்க. மூணு கலர் குடமிளகாய், ஸ்வீட் கார்ன், ராஜ்மா, தக்காளி சாஸ் ஒரு அரை கப், கரம் மசாலா ஒரு ஸ்பூன், கடைசியில துருவின சீஸ். போட்டுக் கிளறி இறக்கினா முடிஞ்சுதாம். கீழே எல்லாரும் கைதட்டற பொம்மை போட்டிருக்காங்க.

சாப்பிட நல்லாத்தான் இருக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கொண்டு வந்து வெச்சா ரெண்டு தட்டு உள்ள தள்ளுவேன். என் கடுப்பெல்லாம் அந்த 'பாரம்பரிய'ங்கற ஒத்தை வார்த்தை மேலதான். யாரோட பாரம்பரியம்? மெக்சிகோவில் இருக்கற எந்தப் பாட்டி கரம் மசாலா போட்டாங்க?

'உனக்கு என்ன வந்துச்சு, மெக்சிகோ உன் மாமியார் வீடா'ன்னு கேப்பீங்க. சொல்றேன். 2023லேயும் 2024லேயும் சேர்த்து பதினாலு மாசம் ப்ராஜெக்ட் வேலையா குவாதலஹாராவில் இருந்தேன். ஹலிஸ்கோ மாநிலத்துத் தலைநகரம். பொட்டி தட்டற கம்பெனிகள் நிறைய இருக்கற ஊர். நானும் இன்னொரு பையனும் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. அறுபது தாண்டின, எப்பவும் ஏப்ரன் கட்டின அம்மா. நாங்க 'செனோரா'ன்னு கூப்பிடுவோம். அவங்க முதல்ல எங்களை 'ஹோவென்'னு கூப்பிட்டாங்க, அதாவது தம்பி. ரெண்டு மாசத்துல அது 'மிஹோ' ஆயிடுச்சு. நம்ம ஊர்ல 'ஏஞ்சாமி'ன்னு சொல்ற மாதிரி. அவங்க சமையக்கட்டுலதான் நான் அந்தச் சோறு செய்யக் கத்துக்கிட்டேன்.

முதல்ல எங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதைச் சொல்லிடறேன். போன்ல ரொம்பப் பெருமையா, தக்காளி அரைச்சு ஊத்தி, வெங்காயம் பூண்டு போட்டு, பட்டாணி கேரட் போட்டுன்னு செய்முறையை விவரிச்சேன். ஈரோட்டுல இருந்து பதில் வந்துச்சு: "ஏங்கண்ணு, இதுக்கா அம்மாந்தூரம் போன? இது நம்ம தக்காளி சோறுதானே? நம்மகிட்ட இருந்து காப்பியடிச்சிருப்பாங்க."

நானும் அன்னிக்குச் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா விஷயம் அப்படியே தலைகீழ். தக்காளியைத் தோட்டத்துல வளர்த்துப் பழக்கினதே மெக்சிகோ பக்கத்து ஜனங்கதான். தக்காளிக்கு ஆங்கிலத்துல இருக்கற பேரே அவங்களோட நாவாட்டில் மொழியில இருந்து வந்தது. அந்த மொழியில 'தோமாட்ல்', 'ஷிதோமாட்ல்'. இன்னிக்கும் குவாதலஹாராவில் சிவப்புத் தக்காளிக்கு 'ஹிதோமாத்தே'ன்னுதான் சொல்வாங்க, 'தோமாத்தே'ன்னு கேட்டா பச்சையா, உறை போட்டு இருக்கற வேற ஒரு காயைக் கொடுத்துடுவாங்க. முதல் வாரம் நான் ரசம் வைக்கறேன்னு அதை ஒரு கிலோ வாங்கிட்டு வந்து முழிச்சது தனிக்கதை. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஸ்பானியர்களும் போர்த்துக்கீசியர்களும் கப்பல் ஏத்தாம இருந்திருந்தா எங்கம்மாவோட தக்காளி சோத்துல தக்காளியும் இருந்திருக்காது, வரமிளகாயும் இருந்திருக்காது. சாதம் மட்டும் இருந்திருக்கும்.

அந்த சாதம் அவங்களோடது இல்ல, அதையும் சொல்லணும். 1521ல் ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடிச்சதுக்கு அப்புறம் அந்த நூற்றாண்டுலேயே அரிசி அங்கே போய்ச் சேர்ந்தது. ஸ்பெயினுக்கு அரிசியைக் கொண்டு வந்தவங்க அரபு முஸ்லிம்கள். எண்ணெயில அரிசியை வறுத்துட்டு அப்புறம் தண்ணி ஊத்தி வேக வைக்கற பழக்கம் புலாவ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1565ல் இருந்து 1815 வரைக்கும் மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் நடுவுல கப்பல் போயிட்டே இருந்தது, அது வழியா ஆசியாச் சரக்கும் நிறைய வந்திருக்கு. ஆக எங்கம்மா சொன்ன 'நம்மகிட்ட இருந்து' கொஞ்சம் சரி, நிறையத் தப்பு. ரெண்டு சோறும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு செஞ்சது இல்ல. தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறமும் 'மெக்சிகன் தக்காளி சாதம்'னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு இருக்கும். ஏன்னா செய்யற விதம் வேற. நாம தக்காளியை வதக்கி, மசாலாவோட தொக்கு மாதிரி ஆக்கி, அதுல அரிசியை வேக விடுவோம், இல்லேன்னா வெந்த சாதத்துல கிளறுவோம். அவங்க கதையே அரிசியை வறுக்கறதுலதான் ஆரம்பிக்குது.

செனோரா செஞ்சதை அப்படியே சொல்றேன். அளவு அவங்க சொல்லவே மாட்டாங்க, நான்தான் கப்பை வெச்சுப் பின்னாடியே அளந்தேன். இஞ்சினியர் புத்தி.

ஒரு கப் நீள அரிசி. கை பொறுக்கற சூட்டுத் தண்ணியில கால் மணி நேரம் ஊற விட்டாங்க. அப்புறம் கழுவினாங்க, கழுவினாங்க, கழுவிட்டே இருந்தாங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். வடிதட்டுல கொட்டி அரை மணி நேரம் அப்படியே விட்டாச்சு. நான் பறந்தேன், "செனோரா, வடிஞ்சிடுச்சே, போடலாமே." திரும்பிக்கூடப் பாக்கல. ஈர அரிசியை எண்ணெயில போட்டா அது வறுபடாது, வெந்துடும். இது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

அடி கனமான சட்டியில கால் கப்புக்குக் கொஞ்சம் குறைச்சலா எண்ணெய். ஆமா, அவ்வளவுதான்! பதறாதீங்க, அதிகமானதைப் பின்னாடி வடிச்சிடுவாங்க. மிதமான தீயில அரிசியைப் போட்டு விடாம பிரட்டணும். முதல்ல ஒட்டும். அப்புறம் தனித்தனியாகும். அப்புறம் வெள்ளையாகி, லேசா பொன்னிறம் வரும். அந்த நேரத்துல என்னைக் கூப்பிட்டு, "கேளு, மிஹோ"ன்னாங்க. கரண்டியால தள்ளினா மணல் சத்தம் கேட்டுது. சரசரன்னு, ஆத்து மணலைத் தட்டுல போட்டு ஆட்டினா வருமே, அந்தச் சத்தம். அந்தச் சத்தம் வராம தக்காளியை ஊத்தக் கூடாதுன்னு சொன்னாங்க. பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. 'பத்தே நிமிஷத்தில்' வீடியோ மேல எனக்கு ஏன் கோவம்னு இப்பப் புரியுதா?

அப்புறம் எண்ணெயைச் சாய்ச்சு ஒரு கிண்ணத்துல வடிச்சுட்டாங்க. பழுத்த தக்காளி ரெண்டு, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு. எல்லாம் பச்சையா மிக்சியில அரைச்சு, வடிகட்டி, அந்தச் சூட்டு அரிசியில ஊத்தினாங்க. உஸ்ஸுன்னு சீறுச்சு. அதையும் அப்படியே வேக விடறது இல்ல, வத்த விடணும். அடியில கரண்டியால ஒரு கோடு போட்டா அந்தக் கோடு மூடாம நிக்கணும். அதுக்கு அப்புறம்தான் சுடச்சுட கால்தோ. கால்தோன்னா கறி வேக வெச்ச சாறு. ஒன்றே முக்கால் கப். உப்பு. பொடியா நறுக்கின கேரட், பட்டாணி, கொத்தமல்லி ஒரு கொத்து, கீறாத முழு பச்சை மிளகாய் ஒண்ணு. அவங்க ஊர்ல அது செர்ரானோ மிளகாய். காரத்துக்கு இல்ல, வாசனைக்கு. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடினா இருபது நிமிஷம் தொடவே கூடாது. நான் ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பாத்தேன். கையில கரண்டியால லேசா ஒரு தட்டு கிடைச்சுது :)

இறக்கி வெச்சு இன்னொரு பத்து நிமிஷம். அப்புறம் முள்கரண்டியால அடியில இருந்து மெதுவா உதிர்த்து விட்டாங்க. ஒவ்வொரு அரிசியும் தனியா, ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவுல ஒரு நிறத்துல. சீரகம் இல்ல. மிளகாய்த்தூள் இல்ல. சீஸ் இல்ல. சீரகம் போடறது வடக்கு எல்லைப் பக்கமும் டெக்சாஸ்லயும். அமெரிக்க ஓட்டல்ல 'ஸ்பானிஷ் ரைஸ்'னு கிடைக்கறது அந்த வகை. அதுவும் ஒரு ஊர்ச் சமையல்தான், நான் மட்டம் தட்டல. ஆனா டெக்சாஸ் மெக்சிகன் வேற, உள்நாட்டுச் சமையல் வேறன்னு அமெரிக்காக்காரங்களுக்கே தனியாப் பிரிச்சுச் சொல்ல வேண்டியிருந்தது. டயானா கென்னடின்னு ஒரு பிரிட்டிஷ் அம்மா 1972ல் 'த குசின்ஸ் ஆஃப் மெக்சிகோ'ன்னு புத்தகம் போட்டாங்க. ஊர் ஊராப் போய் வீட்டுச் சமையக்காரங்ககிட்ட கத்துக்கிட்டு எழுதினவங்க. 2022ல் மிச்சோவகான்ல அவங்க வீட்டுலேயே இறந்தாங்க. நம்ம வீடியோ வரைக்கும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரல.

தனியா நான் செஞ்ச முதல் முயற்சி படு கேவலம். வறுத்தேன், ஊத்தினேன், குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டேன். களி. செனோரா எட்டிப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க, 'பாதிதோ'. குழைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது தடவை குக்கர் வேணாம்னு சட்டியில வெச்சு, ஈரோட்டு நேரக்கணக்குல பன்னிரண்டு நிமிஷத்துல இறக்கினேன். நடுவுல நறுக்குநறுக்குன்னு அரிசி. அப்பத்தான் புத்தி வேலை செஞ்சுது. குவாதலஹாரா கிட்டத்தட்ட 1,560 மீட்டர் உயரம், நம்ம ஏற்காட்டை விடக் கொஞ்சம் மேல. அங்கே தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். மெக்சிகோ சிட்டி இன்னும் மேல, 2,240 மீட்டர், நம்ம ஊட்டி மாதிரி. அங்கே 93 டிகிரிகூடத் தாண்டாது. ஊட்டியில இருக்கறவங்களுக்குக் குக்கர் இல்லாம பருப்பு வேகற அழகு தெரியும். ஆக அவங்க சொல்ற இருபது நிமிஷம், இந்த ஊருக்கு இல்ல, அந்த மலைக்கு. சென்னையில பதினஞ்சு நிமிஷம் போதும், தண்ணியும் ஒரு கை குறைச்சலா. சமையல் குறிப்பை மொழிபெயர்க்கறவங்க யாருமே கடல் மட்டத்தை மொழிபெயர்க்கறது இல்லைங்க!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் இந்தப் பதிவை எழுத நிஜமான காரணம்.

என்கூட இருந்த பையன் திருநெல்வேலிக்காரன். வீட்டுக்குள்ள முட்டைகூட வராத குடும்பம். குவாதலஹாராவில் இறங்கின நாள்ல இருந்து சாப்பாட்டுக்கு அல்லாடினான். ஆபீஸ் பக்கத்துல ஒரு ஃபோந்தா இருந்தது. ஃபோந்தான்னா நம்ம மெஸ் மாதிரி. மதியச் சாப்பாட்டுக்கு 'கோமிதா கொர்ரிதா'ன்னு பேரு. முதல்ல சூப்பு, அடுத்தது சோறு, அதுக்கு அப்புறம் கறி அயிட்டம், கூட தொர்த்தீயா, ஒரு கிளாஸ் ஜூஸ். இதுல ஒரு வேடிக்கை, அந்தச் சோத்துக்கும் சூப்புன்னுதான் பேரு, 'சோபா செகா', காய்ஞ்ச சூப்பு. நமக்கு இலை நிறைய சோறு, ஓரத்துல கறி. அவங்களுக்கு மக்காச்சோளமும் பீன்ஸும் மிளகாயும்தான் சாப்பாடு, சோறு நடுவுல வந்து போற விருந்தாளி. 

நம்மாளு அந்தச் சோத்தைக் கண்டதும் தெய்வத்தைக் கண்ட மாதிரி ஆயிட்டான். பட்டாணி, கேரட், தக்காளி, வேற என்ன வேணும்? கடைக்காரம்மாகிட்ட தெரிஞ்ச ஸ்பானிஷ்ல கேட்டான், "கார்னே இருக்கா?" அவங்க 'இல்லப்பா, துளியும் இல்ல'ன்னாங்க. அன்னிலேர்ந்து தினமும் ரெண்டு தட்டு. நாலு மாசம்.

அந்த அம்மா பொய் சொல்லல. 'கார்னே'ன்னா அங்கே பல பேருக்கு மாட்டுக்கறி, பன்னிக்கறி. கோழி அந்தக் கணக்குலயே வராது. சாறு சுத்தமா வராது. கோழிச் சாறோ, கோழி கியூபோ போடாம செவப்புச் சோறு பொங்கற ஃபோந்தாவை நான் பாத்ததில்ல. பீன்ஸ் மசியல்லயும் பல இடத்துல பன்னிக் கொழுப்பு. கேக்க வேண்டிய கேள்வி 'கறி இருக்கா' இல்ல, 'எந்தச் சாறுல வெச்சீங்க'.

செனோரா சட்டியில கால்தோவை ஊத்தின அன்னிக்கு எனக்கு அது தெரிஞ்சு போச்சு. மாடிக்கு வந்து சொல்லியிருக்கணும். சொல்லல.

ஏன் சொல்லலன்னு பல தடவை யோசிச்சிருக்கேன். அவன் சந்தோஷமா சாப்பிடறான், கெடுப்பானேன்னு ஒரு பக்கம். தெரியாம சாப்பிட்டா தோஷம் இல்லேன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, அது ஒரு பக்கம். நெசத்தைச் சொல்லணும்னா, சொன்னா அவன் பட்டினி கிடப்பான், அப்புறம் ராத்திரி சமைக்கற வேலை என் தலையில விழும். மூணு வாரம் அவன் எதிர்லயே உக்காந்து, அவன் அந்தச் சோத்துல எலுமிச்சம்பழம் புழிஞ்சு சாப்பிடறதைப் பாத்துட்டே இருந்தேன்.

கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாய் தவறி வந்துடுச்சு. அவங்கம்மாவுக்கு அந்தச் சோத்தோட போட்டோ அனுப்பிட்டு, 'எங்கம்மை செஞ்சு பாக்கப் போறாவளாம்'னு சொன்னான். எனக்குத் தாங்கல. சொல்லிட்டேன்.

கத்துவான்னு நெனச்சேன். கத்தல. "ஒனக்கு எத்தன நாளா தெரியும்லே?"ன்னான்.

"மூணு வாரம்."

"மூணு வாரமா என் முன்னால இருந்து பாத்துக்கிட்டுதான இருந்த?"

அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் பத்து நாள் என்கூட வேலை விஷயம் தவிர எதுவும் பேசல. கோழியைப் பத்தி அவன் ஒரு வார்த்தை சொல்லல. கடைக்காரம்மாவையும் குத்தம் சொல்லல.

செனோராவுக்கு எப்படியோ மூக்குல வேர்த்துடுச்சு. ரெண்டு பசங்களும் தனித்தனியா படியேறினா எந்த அம்மாவுக்குத்தான் தெரியாது. என்னை உக்கார வெச்சு கேட்டாங்க. என் அரைகுறை ஸ்பானிஷ்ல எல்லாத்தையும் கொட்டினேன். கேட்டுட்டு, "இதுக்கா?"ன்னாங்க. அவங்க சின்ன வயசுல, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள்ல, அவங்கம்மா இதே சோத்தைக் கறிச்சாறு இல்லாமதான் வைப்பாங்களாம். சோளக் கருதை முத்து எடுத்துட்டு, வெறும் தண்டோட வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித் தண்டு போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியில. "நீங்க கேக்கவே இல்லையே, மிஹோ."

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த மாதிரி வெச்சாங்க. புதுச் சட்டியில. கடையில ஒட்டின விலைச்சீட்டுகூட முழுசா உரியல. அவனை மாடியில இருந்து கூப்பிட்டு, அடுப்புப் பக்கத்துல நாற்காலி போட்டு, ஒவ்வொண்ணையும் போடறதுக்கு முன்னாடி அவன் மூக்குக்கு நேரா காட்டிட்டுப் போட்டாங்க. அவன் ரெண்டு தட்டு சாப்பிட்டான். அவங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "என்னமோ குறையுது"ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. கோழிதான் குறையுது :)

இப்பச் சொல்லுங்க, அந்த வீடியோவைப் பாத்து நான் ஏன் குதிக்கறேன்னு. மாத்திச் செய்யறது தப்புன்னு நான் சொல்லவே வரல. செனோராவோட அம்மாவே மாத்திச் செஞ்சவங்கதான். என்னத்தை மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு அவங்களுக்குத் தெரியும், கேட்டா சொல்லுவாங்க. கோழிச் சாறுக்குப் பதிலா சோளத்தண்டு சாறு, தவக்காலம், அதனால. நம்மாளுங்க கரம் மசாலா போடறதுக்கு ஒரு காரணம் சொன்னா நான் வாயை மூடிப்பேன். 'எங்க வீட்டுல மசாலா இல்லாம இறங்காதுங்க'ன்னு சொன்னாக்கூடப் போதும். அது நியாயமான காரணம். அதை விட்டுட்டு 'பாரம்பரிய'ன்னு ஒரு முத்திரையைக் குத்தினா, அதை நம்பி யாரோ ஒருத்தர் செய்வாங்க, யாரோ ஒருத்தர் சாப்பிடுவாங்க. எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 'மெக்சிகன் ரைஸ், வெஜ்'னு மெனுவுல போட்டிருக்கற கடையில, எந்தச் சாறுன்னு நம்மள்ல எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

'ரொம்ப ஓவரா போறான், ஒரு சோத்துக்கு இவ்வளவா'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு ஒண்ணு. மேலைநாட்டுக் கடைகள்ல மஞ்சப் பொடி டப்பா மேல 'கறி'ன்னு எழுதி வெச்சிருப்பானே, அதைப் பாத்து நாம எத்தனை பதிவு எழுதிக் கிழிச்சிருக்கோம்? நானே எழுதியிருக்கேன். அதுக்காகவும் இங்கே ஒரு தப்பை ஒத்துக்கணும். என் பொறந்த நாளுக்கு செனோரா எனக்காக அந்த டப்பாப் பொடியை வாங்கி, கோழியில போட்டு, 'உங்க ஊர்ச் சாப்பாடு'ன்னு வெச்சாங்க. தேங்காய் இல்ல, மிளகு இல்ல, மஞ்சள் கலர்ல ஒரு பாயசம் மாதிரி இருந்தது. நான் சிரிச்சுட்டேன். கெக்கெக்கேன்னு. அவங்க முகம் மாறினது எனக்கு அப்பவே தெரிஞ்சுது, ஆனா நிறுத்த முடியல. அதுக்கு அப்புறம் அவங்க ஒரு தடவைகூட இந்தியச் சாப்பாடு பத்திப் பேசல. அவங்க 'பாரம்பரியம்'னு சொல்லல, 'உங்களுக்காக'ன்னுதான் சொன்னாங்க. அந்த வித்தியாசம் அன்னிக்கு எனக்குத் தெரியல.

சரி, செஞ்சு பாக்கணும்னு நெனக்கறவங்களுக்கு, சென்னைக்கு வந்து நான் பட்ட பாட்டுல இருந்து கொஞ்சம். புழுங்கல் அரிசி வேணவே வேணாம், மணல் சத்தம் வரவே வராது. பாஸ்மதியில செய்யலாம், ஆனா அதோட வாசனை தக்காளியை அமுக்கிடும். மெக்சிகோவில் நல்ல அரிசின்னா மோரேலோஸ் மாநிலத்து அரிசி, நம்ம மதுரை மல்லி மாதிரி 2012ல் அதுக்குப் பேர் உரிமையெல்லாம் வாங்கி வெச்சிருக்காங்க. ஆனா அந்த நாட்டுல சாப்பிடற அரிசியில பெரும்பகுதி வெளிநாட்டுல இருந்து வர்றது, முக்கியமா அமெரிக்காவுல இருந்து. அதனால அரிசி விஷயத்துல ரொம்ப ஆச்சாரம் பாக்க வேணாம். பழைய பொன்னிப் பச்சரிசி எனக்குச் சரியா வந்துச்சு. தக்காளி, பெங்களூர்த் தக்காளியா, நல்லாப் பழுத்ததா வாங்குங்க. நாட்டுத் தக்காளி போட்டா புளிப்பு ஏறி, எங்கம்மா சொன்ன மாதிரி தக்காளி சோறாவே ஆயிடும். ஸ்வீட் கார்ன் முத்தை வேற எதுக்காவது வெச்சுக்கிட்டு, அந்தத் தண்டைத் தூக்கிப் போடாம சாறுக்கு வெச்சுக்கோங்க. மேல ஒரு பொரிச்ச முட்டை வெச்சு, எலுமிச்சை புழிஞ்சு சாப்பிட்டா... வேணாம், ராத்திரி பதினொண்ணு ஆச்சு, பசிக்குது.

போன வாரம் எங்கம்மா இங்கே வந்திருந்தப்ப செஞ்சு போட்டேன். ஒரு வாய் எடுத்துட்டு, "உப்பு பத்தல, காரமே இல்ல, இதை என்னன்னு சொல்றது கண்ணு"ன்னாங்க. 'அரோஸ் ரோஹோ'ன்னேன். "அரசு ரோசாவா?"ன்னுட்டு, ஊறுகாய் பாட்டிலை எடுத்துட்டு வந்து உக்காந்தாங்க. தட்டு காலி.

திருநெல்வேலிக்காரன் இப்ப சென்னையிலதான் இருக்கான், வேற கம்பெனி. பேசிக்கறோம், நல்லாத்தான் பேசிக்கறோம். வெளியில சாப்பிடப் போனா மட்டும், 'இதுல என்ன போட்டிருக்கான்'னு என்கிட்ட கேக்க மாட்டான். நேரா சமையக்கட்டு வரைக்கும் போய் அவனே கேட்டுட்டு வருவான்.

சித்தி வீடியோவுக்கு இன்னும் பதில் போடல. குரூப்புல சண்டை வரும். வர்ட்டா.